ஈரம் காயுமட்டும்

உடுத்துப் பழசான சாரத்தில் கிழித்த துண்டை விரலில் சுற்றிக்கொண்டு, கிறகோரி காரின் முன்னால் குந்தியிருந்து வலது பக்க லைற்றில் பற்பசையைத் தேய்த்தான். காலை வெயில் முதுகில் ஏறியிருந்தது. தேய்க்கத் தேய்க்க நுரை மஞ்சளாக வந்தது. அந்த மஞ்சளைக் கண்டதும் அவனுக்குக் கையில் ஒரு வேகம் வந்தது. அழுக்குக் கழன்று வருகிறதென்றால் அடியில் ஏதோ இருக்கிறதென்றுதானே அர்த்தம். வாளித் தண்ணீரை அள்ளி ஊற்றினான். நுரை வழிந்துபோக, உள்ளே இருந்த பல்ப், அதற்குப் பின்னால் இருந்த வெள்ளித் தகடு, தகட்டின் மூலையில் எந்தக் காலத்திலோ செத்துக் கிடந்த ஒரு பூச்சியின் கால்கள்கூடத் தெரிந்தன.

"மார்கிரட்! ஓடி வந்து பார்!"

அவளால் ஓட முடியாது. குசினியிலிருந்து சுவரைப் பிடித்துப் பிடித்து அவள் வந்து சேர்வதற்குள் வெயில் அந்த ஈரத்தைக் குடித்துவிட்டது. ஓரத்திலிருந்து நடுவுக்கு மூட்டம் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. அவள் குனிந்து பார்த்தபோது லைற் பழையபடி புளித்த கஞ்சித் தண்ணியின் நிறத்தில் இருந்தது.

"என்னத்தைப் பாக்கச் சொல்லுறியள்?"

"இப்ப நல்லாயிருந்தது. கண்ணாலை கண்டனான்."

அவள் தலையில் கட்டியிருந்த வெள்ளைத் துணியின் நுனியைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

நாளைக்கு அவளுக்கு நாலாவது முறை மருந்து ஏற்ற வேண்டும். மொத்தம் ஆறு. மூன்று கிழமைக்கொருமுறை, குருநகரிலிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு. விடிய முன்னம் போய் வரிசையில் நின்று இரத்தம் கொடுத்தால்தான் அன்றைக்கு மருந்து ஏறும். அதனால் நாலரைக்கே வெளிக்கிட வேண்டும். திரும்பி வரும்போதும் பொழுதுபட்டுவிடும். முதல் தடவை வாடகை வானில் போனார்கள். திரும்பி வரும் வழியில் அவள் சத்தியெடுத்துவிட்டாள். சாரதி கண்ணாடிகள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, வீடு வரும்வரைக்கும் தன் மூக்கை வெளியே பிடித்துக்கொண்டே ஓட்டினான். "இனி மற்றவையின்ரை வாகனத்திலை ஏறமாட்டன்" என்று அன்றைக்கு அவள் சொன்னாள். கிறகோரி தன் போட் எஞ்சினையும் வலைகளையும் விற்று இந்தப் பழைய நிசான் காரை வாங்கினான். கடலுக்குப் போனவன், இப்போது கரையில் மற்றவர்களின் பைபர் போட்டுகளுக்கு ஒட்டுப்போடும் பட்டறையில் நாள்கூலிக்கு நிற்கிறான். பைபர் தூசி முழங்கை வரைக்கும் ஏறி எந்நேரமும் அரிக்கும்.

கார் ஓடியது. லைற்றுகள்தான் மங்கல். போன தடவை, சுன்னாகம் தாண்டி, மார்கிரட் "மாதாவே!" என்று கத்திய பிறகுதான் கிறகோரி முன்னால் போன சைக்கிளைக் கண்டான். சந்தைக்கு மூட்டை கட்டிக்கொண்டு போன ஒரு மனிசன். காரை ஒடித்தபோது பக்கக் கண்ணாடி மூட்டையில் தட்டி, அவன் சைக்கிளோடு சரிந்தான். காயம் ஒன்றும் இல்லை. கத்தரிக்காய்தான் றோட்டெல்லாம் உருண்டது. அந்த இருட்டில் மார்கிரட்டும் இறங்கி, குனிந்து குனிந்து பொறுக்கிக் கொடுத்தாள். அந்த மனிசன் கோபப்படவில்லை. சாரத்தைத் தட்டிக்கொண்டு, "லைற்றைப் போடாமலோ அண்ணை வாறியள்?" என்று மட்டும் கேட்டான். லைற் எரிந்துகொண்டுதான் இருந்தது.

அன்றைக்குப் பின்னேரம் கொக்குவில் தாண்டும்போது, சத்திக்கென்று மடியில் சொப்பிங் பையைப் பிடித்தபடி அவள் சொன்னாள்: "நான் சாகிறதெண்டாச் சாகிறன். இன்னொருத்தனையும் கூட்டிக்கொண்டு போகமாட்டன். உந்த லைற்றோடை இனி என்னைக் கூப்பிடாதேங்கோ."

அதற்குப் பிறகு அவன் எத்தனையோ தடவை வாயெடுத்துப் பார்த்தான். அவள் பிடிகொடுக்கவில்லை. புது லைற் கேட்டு ஒரு கடைக்குப் போன் எடுத்தான். கொழும்பிலிருந்து வர ஒரு மாதம் செல்லும் என்று சொல்லி, விலையையும் சொன்னார்கள். அவன் "ஓம் ஓம்" என்றான். போனை வைத்தான். அவளுடைய பிடிவாதம் றோட்டில் போகிறவர்களுக்காகவா, அல்லது லைற்றைச் சாட்டி அவள் எல்லாவற்றையும் விட்டுவிடப் பார்க்கிறாளா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் பயம். கேட்டால் சொல்லிவிடுவாள்.

"என்ன கிறகோரியண்ணை, காருக்குப் பல்லு விளக்கிறியளோ?"

பட்டறையில் கூட வேலை செய்கிற றோய், சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையில் நின்றான்.

"போடா, போய் உன்ரை வேலையைப் பார்."

"கோவிக்காதேங்கோ. விளக்கினாப் பிறகு தேத்தண்ணியும் ஊத்திக் குடுங்கோ, பாவம்."

கிறகோரி தலை நிமிரவில்லை. றோய் அவனுடைய தோளைப் பார்த்தான். தேய்த்துத் தேய்த்து அது நடுங்கிக்கொண்டிருந்தது. பகிடியை விட்டுவிட்டுச் சைக்கிளைச் சாத்தினான். போனை எடுத்து ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினான். அதில் ஒருவன் இதே மாதிரி லைற்றை அரத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்தான். முதலில் முரட்டுத் தாள், பிறகு மெல்லிய தாள், பிறகு அதைவிட மெல்லியது. கடைசியில், மேலே ஒரு பூச்சு அடிக்காவிட்டால் ஒரு மாதத்தில் திரும்ப மங்கிவிடும் என்று சொன்னான்.

கிறகோரிக்கு உயிர் வந்தது. இது அவனுடைய தொழில் அல்லவா! மங்கிய போட்டை இப்படித்தானே அவர்கள் புதுசாக்குகிறார்கள். தேய்த்து, கழுவி, காயவிட்டு, மேலே ரெசின் பூசினால் கடல் வெயிலுக்கே நாலு வருசம் நிற்கும்.

"அண்ணை, அவன் சொல்லுறது வேறை ஏதோ பூச்சு" என்றான் றோய். "இது பிளாஸ்ரிக் எல்லோ."

"பைபரும் பிளாஸ்ரிக்தான்ரா. உனக்கு நான் படிப்பிக்கவோ?"

றோய் பட்டறையிலிருந்து அரத்தாள்களும் ஒரு யோகட் கோப்பையில் கொஞ்ச ரெசினும், அதை இறுகவைக்கும் மருந்தும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். இரண்டு லைற்றையும் தேய்த்து முடிய மதியம் கடந்துவிட்டது. மெல்லிய தாள் பட்டறையில் இல்லை. இருந்ததை வைத்துத் தேய்த்தான். மஞ்சள் போய், உரசல் வெள்ளையாக நின்றது. அதைப் பூச்சு மூடிவிடும் என்று நம்பினான். முதலில் ஒன்றில் பார்ப்போம் என்று, இறுகவைக்கும் மருந்தில் இரண்டு துளி விட்டுக் கலக்கி, இடது லைற்றில் மெல்லிய தூரிகையால் இழுத்தான். ஒரு கோடு விழாமல், ஒரு குமிழ் வராமல் இழுத்தான். அவனுடைய கை அவ்வளவு நிதானமாக இருந்து கனகாலம்.

லைற் கண்ணாடிக் குடம் மாதிரி மினுங்கியது. மணம் பிடித்து வெளியே வந்த மார்கிரட்கூட, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "புதுசு மாதிரி இருக்கு" என்றாள். அவன் சிரித்தான். அவள் நாளைக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டையை எடுத்துக் கொடியில் காற்றுக்குப் போட்டாள். அதை அவன் பார்த்தான்; பார்த்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது இடது லைற்றில் தலைமயிர் மாதிரி ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. தொட்டான். ஒட்டியது. அவன் பார்த்துக்கொண்டிருக்கவே இன்னொரு வெடிப்பு, அதிலிருந்து கிளைகள், பிறகு நூறு. ரெசின் அந்தப் பிளாஸ்ரிக்கை உள்ளுக்குள் தின்றுகொண்டிருந்தது. கத்தியால் சுரண்டினான், பால் மாதிரி வெளுத்துப்போன துண்டுகள் உதிர்ந்தன, அடியில் இன்னும் வெளுப்பு. போட்டுக்கு உயிர் கொடுக்கிற சாமான் இதைக் கொன்றுவிட்டது. "அந்தோனியாரே, அந்தோனியாரே" என்று சொல்லிக்கொண்டே சுரண்டினான். நகத்துக்கடியில் இரத்தம் வந்த பிறகுதான் நிறுத்தினான். பின்னேரம் முழுவதும் மிச்சமிருந்த வலது லைற்றை, தேய்ந்துபோன அரத்தாளாலும் அது முடியப் பற்பசையாலும் தேய்த்தான். தண்ணீர் ஊற்றினால் தெளியும். காய்ந்தால் மூடும். ஊற்றினால் தெளியும். காய்ந்தால் மூடும்.

கோயில் மணி அடித்து ஓய்ந்து, ஒழுங்கை இருட்டிக்கொண்டு வந்தபோது மார்கிரட் தானாகவே வெளியே வந்தாள். கொடியில் கிடந்த சட்டையை எடுக்கவில்லை.

"லைற்றைப் போடுங்கோ, பாப்பம்."

அவன் ஏறிப் போட்டான். இடது லைற் ஒரு ஐஸ் கட்டிக்குள் விளக்கு வைத்த மாதிரித் தனக்குள்ளேயே எரிந்தது. வலது லைற்றிலிருந்து ஒரு மங்கல் பாதை மூன்றாவது வீட்டு வாசற் படலை வரைக்கும் போய் அங்கே களைத்து விழுந்தது. ஒழுங்கையின் கடைசித் தொங்கலில், கடற்கரையோடு, மீன் வைக்கிற ஐஸ் கொட்டில். அந்தப் பக்கம் தெருவிளக்குச் செத்து எத்தனையோ மாதம்.

"நான் நடக்கிறன். ஐஸ் கொட்டில் வரைக்கும் உங்களுக்குத் தெரிஞ்சனெண்டா நாளைக்கு வாறன். இல்லாட்டிப் பிறகு என்னைக் கேக்கக்கூடாது. பொய் சொல்லாதேங்கோ."

"நான் எப்ப உனக்குப் பொய் சொன்னனான்?"

"எஞ்சினை வித்த அண்டைக்கு, பழுதுபாக்கக் குடுத்தது எண்டு சொன்னியள்." அவள் மெல்லச் சிரித்த மாதிரி இருந்தது. "மூண்டு நாளாய்ச் சொன்னியள்."

அவள் நடந்தாள். செருப்பு மணலில் இழுபடும் சத்தம். முதல் படலையில் அவளுடைய வெள்ளைத் துணி நன்றாகத் தெரிந்தது. இரண்டாவதில் துணி மட்டும் தெரிந்தது. மூன்றாவதில் அவள் நின்று மூச்சு வாங்குவதைச் சத்தத்தில் அறிந்தான்.

"தெரியுதோ?"

"ஓம், தெரியுது."

திரும்பவும் செருப்புச் சத்தம். பிறகு அதுவும் கடல் இரைச்சலில் கரைந்தது. கிறகோரி ஸ்டியரிங்கில் நெஞ்சை அழுத்திக்கொண்டு பார்த்தான். இருட்டுத்தான் தெரிந்தது.

"இப்ப?"

குரல் வந்த திசையைப் பார்த்து, "வடிவாத் தெரியுது!" என்று கத்தினான்.

 பிறகு, தூரத்திலிருந்து, களைத்த குரலில்: "அப்ப நான் என்ன செய்துகொண்டு நிக்கிறன் எண்டு சொல்லுங்கோ."

அவன் இறங்கினான். வாளி கார்ச் சில்லடியில்தான் இருந்தது. சாரத்துண்டைத் தோய்த்தெடுத்து, பிழியாமல், வலது லைற்றின் மேல் அப்படியே வழியவிட்டான். தண்ணீர் பரவி இறங்க, வெளிச்சம் மூன்றாவது படலையிலிருந்து எழும்பி, நாலு, ஐந்து என்று தாண்டி, ஐஸ் கொட்டிலின் தகரக் கதவில் போய் முட்டியது.

கதவுக்கு முன்னால் மார்கிரட் நின்றாள். தலைத்துணி அவிழ்ந்து அவளுடைய கையில் இருந்தது. மயிர் கொட்டத் தொடங்கிய நாளிலிருந்து, வீட்டுக்குள்ளும், நித்திரையிலும், ஒரு நாளும் அவனுக்குக் காட்டாத தலை. சின்னத் தலை. காதுகள் இரண்டும் தனியாகத் தெரிந்தன. கண்களை மூடியிருந்தாள்; வெளிச்சம் வந்ததை அறியவில்லை. தான் அவனுக்குத் தெரியமாட்டேன் என்ற நிச்சயத்தில், கடற்காற்றுக்குத் தலையைக் கொடுத்தபடி நின்றாள்.

சொன்னால் நாளைக்கு வருவாள். சொன்னால், அவள் ஒளித்துவைத்த தலையை அவன் கண்டுவிட்டான் என்றும் அறிவாள். 

லைற்றின் ஓரத்தில் ஈரம் காயத் தொடங்கியிருந்தது. மூட்டம் நடுவை நோக்கி ஊர்ந்தது. முதலில் அவளுடைய கால்கள் மங்கின. பிறகு கை, கையிலிருந்த துணி.

"சொல்லுங்கோவன்" என்றது குரல்.

கிறகோரி குனிந்து, கண்ணை அங்கிருந்து எடுக்காமல், வாளிக்குள் துண்டைத் தேடித் தோய்த்தான்.