சோலைபாடிக்குத் தெரிந்த வரிசை

மழை பிடித்துக்கொள்வதற்குள் கூண்டை இறக்கிவிடலாம் என்று பிரனோதோ மூங்கில் கம்பத்தின் கயிற்றை அவிழ்த்தான். யாருக்கு வந்த விருந்தோ என்று உள்ளே உட்கார்ந்திருந்தது ராடென். சோலைபாடி என்று பெயர்தான். மூன்று வாரமாகப் பாட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. மெராபி மலை மேகத்துக்குள் போய்விட்டிருந்தது.

"தர்மோகோ கிளம்பிட்டானாம்," என்றான், மனைவியின் முகத்தைப் பார்க்காமல். "மகெலாங்ல அவன் வீட்டுக்கே தூக்கிட்டுப் போகட்டும். ஊமைக் கூண்டைப் பாத்துப் பாத்து என்னால முடியல, டிக்."

"உங்க தம்பி கையில போனா மட்டும் பாடிடுமா, மாஸ்?" என்றாள் ஹெஸ்தி. அவள் அவனுக்கு டிக், அவன் அவளுக்கு மாஸ்; கணவன் மனைவி அழைத்துக்கொள்ளும் அவ்வூர் வழக்கம்.

"இங்க பாடலையே. பறவைக்குப் பக்கத்துல புதுப் பாம்பைக் கொண்டாந்து வச்சது யாரு?"

ஹெஸ்தி சிரிக்கவில்லை. பாம்பு என்றால் பைத்தான், கணினி நிரல் எழுதும் மொழி. வீட்டிலிருந்தே நிரல் எழுதிப் பிழைப்பவள் அவள். மற்றப் பறவைகளின் குரல்களைக் கேட்டுத்தான் சோலைபாடி பாட்டு பழகும் என்பதால், கல்யாணமான புதிதில் விளையாட்டாக ஒரு நிரல் எழுதிக் கொடுத்திருந்தாள். விடிகாலையில் அது நாற்பது குரல்களைக் குலுக்கிப்போட்டு ஒலிக்கும். பழைய மடிக்கணினி செத்ததும் புதிதாக ஒன்று வாங்கி, நிரலையும் புதிய பைத்தானுக்கு மாற்றி எழுதினாள். மாற்றிய பெருமையில் கணவனுக்கு இஞ்சித் தேநீர்கூடப் போட்டுக் கொடுத்தாள். அன்றைக்கு வாயை மூடியதுதான் ராடென்.

அது பாடிய காலத்தில், தலை வலிக்கிறது என்று அவள் திட்டாத நாளில்லை. இப்போது வீட்டில் வேலையே ஓடவில்லை. எழுதிய வரியையே திரும்பத் திரும்ப எழுதினாள். அந்தப் பாட்டு அவளுக்கும் வேண்டியிருந்தது. அதைப் பிரனோதோவிடம் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

முதல் தூறல் ஓட்டில் விழுந்தது. முற்றத்தில் சிட்டுக்குருவிகள் சண்டையிட்டுக்கொண்டே பறந்தன. அடுத்து மரங்கொத்தி, என்று அவள் மனம் தானாகக் காத்திருந்தது. எதற்கு மரங்கொத்தி? புதிய நிரலில் குருவிச் சண்டைக்குப் பின் வருவது மீன்கொத்தி ஆயிற்றே!

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: பழகிய வரிசை மாறியதால்தான் ராடென் வாயை மூடியிருக்க வேண்டும். தினமும் ஒரே மாதிரி குலுக்கும்படி அவள்தான் ஓர் எண்ணைக் கொடுத்துவைத்திருந்தாள். அதே எண்தான், ஆனால் பழைய பைத்தான் குலுக்குவது ஒருவிதம், புதியது குலுக்குவது வேறுவிதம். நாற்பது குரல்களின் பழைய வரிசை முழுதும் அவளுக்கு நினைவில்லை. அது தெரிந்தது பழைய பைத்தானுக்கு மட்டும்தான்.

புது இயங்குதளமோ, அப்படி ஒருத்தரை எனக்குத் தெரியவே தெரியாது என்று கைவிரித்தது. பழைய பைத்தானின் மூல நிரலை இணையத்திலிருந்து இறக்கி, தானே கட்டியெடுக்கப் பார்த்தாள். பாதியில் முறுக்கிக்கொண்டு நின்றது. அதற்கு வேண்டிய ஒரு நிரல் நூலகம் இங்கே வயதுக்கு மீறி வளர்ந்திருந்தது. அந்தப் பகுதியே வேண்டாம் என்று கழற்றிவிட்டு மறுபடி ஓட்டினாள். புதியதோடு மோதாமலிருக்க, பழையதற்கென்று தனியாக ஒரு மூலை ஒதுக்கினாள். எச்சரிக்கைகள் திரையில் வழிந்தன, ஜன்னலில் மழை வழிந்தது. எது உள்ளே எது வெளியே என்று கொஞ்ச நேரம் அவளுக்கே புரியவில்லை.

வாசலில் மோட்டார்சைக்கிள் வந்து நின்றது.

"மழை வலுக்கிறதுக்குள்ள குடுங்கண்ணா, நனைஞ்சாலும் பரவாயில்ல!" என்று கத்தினான் தர்மோகோ. "பெரிசாப் பிடிச்சா பாலம் தாண்ட முடியாது."

பிரனோதோ கூண்டின் மேல் துணியைப் போர்த்தினான். கொக்கியில் கை வைத்தபடியே நின்றான்.

"மாஸ், கொஞ்சம் பொறுங்க. ஒரே ஒரு தடவ!" என்று ஹெஸ்தி கெஞ்சினாள்.

பழைய பைத்தான் எழுந்துவிட்டது. ஒலிபெருக்கியில் குருவிச் சண்டை. அப்புறம் மரங்கொத்தி. பிரனோதோவின் முகம் மாறியது. அவனுக்கும் அந்த வரிசை உள்ளே எங்கோ இருந்திருக்கிறது. துணியை விலக்கினான். ராடென் தலையைச் சாய்த்துக் கேட்டது. தொண்டை புடைத்தது.

பாடியது. குருவிச் சண்டை, உடனே மீன்கொத்தி, பின் தேன்சிட்டு.

ஹெஸ்திக்குக் கண் நிறைந்துவிட்டது. அது ஊமையாகிவிடவில்லை. மூன்று வாரமும் புதிய வரிசையைத்தான் வாய் திறக்காமல் பாடம் பண்ணியிருக்கிறது. ஒலிபெருக்கி ஒரு பாட்டிலும் பறவை இன்னொரு பாட்டிலுமாக வீடு முழுக்கத் தாளம் தப்பியது.

"எதை நிறுத்துறது, டிக்?" என்றான் பிரனோதோ.

அவள் விசையைத் தட்டி ஒலிபெருக்கியை அணைத்தாள். ராடெனும் சட்டென்று பாட்டை நிறுத்தி இருவரையும் பார்த்தது. மழைச் சத்தம் மட்டும் இருந்தது. பிறகு அது வாலை மெல்ல உயர்த்தி, விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. வாசலில் தர்மோகோ, கூண்டை வாங்க ஏந்திய கையை இறக்க மறந்து, மழையில் நின்றுகொண்டிருந்தான்.