வாயடைத்த எச்சரிக்கை

புரோகிராமை மிஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர், தப்பு இருக்கலாம் என்று முணுமுணுத்தால் அதன் வாயை அடைத்துவிடுவது ஓசூரில் அந்தச் சின்ன கம்பெனியின் வழக்கம். 'வார்னிங் பூஜ்ஜியம்' என்று இருந்தால்தான் புரோகிராமை வெளியே அனுப்ப ஆனந்தராஜ் சார் கையெழுத்துப் போடுவார். உட்கார்ந்து சரிபார்க்க யாருக்கு நேரம்? எண்ணுக்கு முன்னால் 'காஸ்ட்' என்ற ஒரு கட்டளை போட்டால் போதும். 'எனக்குத் தெரியும், நீ பேசாமல் இதைச் சின்ன இடத்தில் வை' என்று அதட்டுகிற மாதிரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த பூங்கொடியும் அதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டாள்.

2006 மார்ச்சில் ஒரு மத்தியானம், தான் எழுதிய புரோகிராமை இரண்டாவது மிஷினுக்கு மாற்றும்போது, சோதனைக்காக நீராவி அழுத்தத்தை 256 என்று கொடுத்தாள். திரையில் பூஜ்ஜியம் வந்தது. அவள் கொடுத்த சின்ன இடத்தில் 255 வரைதான் கொள்ளும். தாண்டினால் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும்.

முதல் மிஷினில், ஜூஜுவாடி ஆலையில் ரப்பர் வேகவைக்கும் பெரிய இரும்புக் கலனில், அதே புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. அழுத்தம் பூஜ்ஜியத்தை ஒட்டி வந்தால் பச்சை விளக்கு எரியும், கதவுப் பூட்டு விடும். இத்தனை நாள் அங்கே இருநூறைத் தாண்டியதில்லை. இன்றிலிருந்து புது ரப்பர், அழுத்தம் கூட்டப் போகிறோம் என்று நேற்றுதான் போனில் சொன்னார்கள். கதவைத் திறப்பவர் பேரிகை ஊர்க்காரர் கிருஷ்ணப்பன். "பச்சை எரிஞ்சா பயமில்லாமத் தொறங்கண்ணே" என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே இவள்தான்.

ஆலையின் கேட்டுக்குப் போன் போட்டாள், எடுக்க ஆளில்லை. மேனேஜரின் செல்போன் அணைந்திருந்தது. ஓடிப்போய் ஆட்டோ பிடித்தாள்.

"வெரசாப் போங்கண்ணே."

"எங்கம்மா போறது? செக்போஸ்ட்டுல இருந்து இங்க வரிக்கும் லாரி நிக்குது பாரு."

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? அவள் மடியில் ஓர் ஆளின் உயிரே இருந்தது. இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அரை கிலோமீட்டர் ஓடினாள். வாட்ச்மேன் கத்தியும் நிற்கவில்லை.

உள்ளே பச்சை எரிந்துகொண்டிருந்தது. கிருஷ்ணப்பன் கதவின் சக்கரத்தில் கை வைத்திருந்தார்.

"தொறக்காதீங்கண்ணே! கைய எடுங்க!"

அவர் மிரண்டு விலகினார். பின்பக்கக் குழாயில் இருந்த முள் மீட்டரைப் போய்ப் பார்த்தார்; அழுத்தம் குறையாமல் உச்சத்தில் நின்றது. திறந்திருந்தால் கதவே அவர் மேல் வந்து விழுந்திருக்கும். வால்வைத் திருப்பி ஆவியை வெளியே விட்டார்.

"என் தப்புதாண்ணே," என்றாள். "பெரிய எண்ணச் சின்ன எடத்துல திணிச்சுட்டேன். கொள்ளுதான்னு பாத்துட்டுப் போட்டிருக்கணும். கொள்ளலைன்னா சிவப்பு எரியிற மாதிரி எழுதியிருக்கணும்."

அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, துண்டால் முகத்தைத் துடைத்தார். "அப்பிடியாம்மா? காலையிலயும் ஒருவாட்டி பச்சை எரிஞ்சுது. தொறக்கலாம்னு கிட்டப் போனேன், டீ பெல்லு அடிச்சிட்டாங்க. குடிச்சிட்டு வந்து பாத்தா அணைஞ்சிருந்துது."

பூங்கொடி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காலை டீ நேரத்தில் அவளுக்கு இந்தத் தப்பே தெரியாது.