உப்பு வாரும் வண்டி

மரக்காணம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டினால் ஜெயசீலனின் வெல்டிங் பட்டறை. நான்கு வருஷத்துக்கு முன், உப்பளத்தில் வேலை செய்யும் தன் மனைவி செந்தமிழுக்காக அவன் ஒரு தள்ளுவண்டி செய்தான். முன்பக்கம் ரப்பர் வைத்த பலகை, அடியில் பிவிசி பைப் உருளை. தள்ளினால் பாத்தியின் களிமண் தரை கிழியாமல் உப்பு ஓரமாக ஒதுங்கும்; குனிய வேண்டியதில்லை. அவள் பேசிக்கொண்டே தள்ளுவதைப் போனில் எடுத்து யூடியூபில் போட்டான். பார்த்தவர்கள் செய்துகொள்ளட்டும் என்றுதான் போட்டான். கேட்டவர்களுக்குப் பதினோரு வண்டி செய்தும் கொடுத்தான்.

போன மாசியில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. வெளியூர்க் கம்பெனி ஒன்று அதே வண்டிக்குப் பேட்டன்ட் வாங்கியிருந்தது. இனி அவன் அதைச் செய்யக் கூடாது.

சென்னையில் அருள்மொழி என்ற வக்கீலைப் போய்ப் பார்த்தான். அவள் கம்பெனியின் வரைபடத்தையும் அவன் போனில் வைத்திருந்த வீடியோவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்க வண்டியேதாங்க. ஆனா நீங்க பேட்டன்ட் கேக்க முடியாது."

"ஏங்க?"

"அப்ளை பண்றதுக்கு முன்னாடியே வீடியோ போட்டுட்டீங்களே. எல்லாருக்கும் காட்டிட்டா அது புதுசு இல்ல."

"அவங்களுக்கு மட்டும் எப்படிங்க புதுசாச்சு?"

"பேட்டன்ட் ஆபீஸ்ல பழைய பேட்டன்ட்டுல மட்டும் தேடியிருப்பாங்க. தமிழ் வீடியோவ யாரு பாக்கறாங்க? ஆனா யூடியூப்ல நீங்க போட்ட தேதியக் காட்டினா அவங்களுதும் நிக்காது. பேட்டன்ட் ஆபீஸ்ல ஆட்சேபிக்க இன்னும் பத்தொன்பது நாள் இருக்குது. லிங்க் அனுப்புங்க."

திரும்பும் பஸ்ஸில் தேடினான். வீடியோ இல்லை. காப்பிரைட் புகாரால் நீக்கப்பட்டது என்று இருந்தது. கம்பெனி தன் விளம்பரத்தில் அவன் வீடியோவிலிருந்து ஒரு துண்டை வெட்டிச் சேர்த்திருந்தது. பிறகு அவன்தான் அந்த விளம்பரத்தைக் காப்பியடித்தான் என்று புகார் கொடுத்திருந்தது. செந்தமிழின் குரலை எடுத்துவிட்டு மியூசிக் போட்டிருந்தார்கள்.

வீட்டில் செந்தமிழ் அந்த விளம்பரத்தைப் பார்த்தாள்.

"இது என் கைதான?"

"ஆமா."

"இதுவும் அவங்களுதா?"



போனில் இருந்த வீடியோவை வக்கீலுக்கு அனுப்பினான். "இதுல நீங்க எப்ப வெளியிட்டீங்கன்னு இல்லீங்க," என்றாள் அருள்மொழி. வீடியோவைத் திரும்பப் போடச் சொல்லி, அவள் சொன்னபடி யூடியூபுக்கு எழுதினான். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. பத்தொன்பது நாளும் போயின. அவன் கிரில் கேட் செய்தான், கல்யாண மண்டபத்துக்கு ஷெட் போட்டான். சாப்பிட்டான், தூங்கினான்.

நாற்பதாவது நாள் வீடியோ திரும்ப வந்தது.

"இனிமே ஹைகோர்ட்டுலதாங்க கேக்கணும்," என்றாள் அருள்மொழி. "வருஷக்கணக்குல போவும். போடலாமா?"

"யோசிச்சு சொல்றேங்க."

அவன் யோசிக்கவில்லை.

ஆனியில் ஒருநாள், செந்தமிழ் வேலை செய்யும் உப்பளத்திலிருந்து மேஸ்திரி பாவாடை மினி வேனில் கம்பெனி வண்டி ஒன்றைக் கொண்டுவந்தான். அதன் அச்சு முறிந்திருந்தது.

"உன்கிட்ட கொண்டாரவே கஷ்டமா இருக்குதுப்பா," என்றான். "வேற எங்க போவறது?"

"இறக்கி வை."

கோபம் வரும் என்று ஜெயசீலன் சற்று நேரம் காத்திருந்தான். வரவில்லை. கம்பெனிக்காரன் மெல்லிய ராடு போட்டிருந்தான். அதைக் கழற்றிவிட்டுத் தடித்த ராடாகப் பார்த்து வெட்டினான்.

"எப்ப வரட்டும்?" என்றான் பாவாடை.

"சாயந்தரம் வா."

கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பற்றவைக்க ஆரம்பித்தான்.