தவளை கேக்

வெள்ளிக்கிழமை கடைசி மணிக்குப் பாடம் கிடையாது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, அந்த வாரத்துச் சண்டை சச்சரவுகளைப் பேசித் தீர்க்க வேண்டும். முறை வைத்து ஒருவர் கேக் கொண்டுவருவார். சண்டை தீர்கிறதோ இல்லையோ, நீபோர்க் ஊரின் அந்த ஏழாம் வகுப்பில் கேக் மிஞ்சியதாகச் சரித்திரமே இல்லை.

இந்த வாரம் டில்டேயின் முறை. அவளுக்கென்று இந்த வாரமா வாய்க்க வேண்டும்!

போன சனிக்கிழமை ஹேண்ட்பால் ஆட்டத்தில் அவள்தான் கோல்கீப்பர். கடைசி நிமிடத்தில் வழுக்கிப் பொத்தென்று உட்கார்ந்தாள், பந்து உள்ளே போனது. மெர்லெ அதை வீடியோ எடுத்து, தவளைச் சத்தம் சேர்த்து, டில்டே இல்லாத புதுக் குழு ஒன்றில் போட்டாள். திங்களன்று ஊரே பார்த்துவிட்டது. புதனன்று மெர்லெ குழுவில் எழுதினாள்: "வெள்ளிக்கிழமை தவளை கேக்கை ஒருத்தரும் தொடக்கூடாது. சரின்னா கட்டைவிரல் போடுங்க." இருபது பேர் போட்டார்கள். பக்கத்து நாற்காலிக்காரி ராக்னாவும் போட்டிருந்தாள். யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படம் பிடித்து டில்டேக்கே அனுப்பிவைத்தான்.

அழுது முடித்து, அம்மாவிடம் டில்டே கண்டிப்பாகச் சொன்னாள்: "ஒருத்தராவது சாப்பிட்டா திங்கக்கிழமை இதே ஸ்கூலுக்குப் போவேன். இல்லன்னா வேற ஸ்கூல் பாரு." அம்மா அடுப்பை மூட்டினாள். இருவருமாக ஒரு பெரிய தட்டு நிறையக் கேக் சுட்டார்கள். மேலே தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் வெண்ணெயில் காய்ச்சி ஊற்றினார்கள். வீடே மணந்தது.

இப்போது அந்தத் தட்டோடு வட்டத்துக்குள் நிற்கிறாள். எல்லார் ஃபோனும் காலையிலேயே ஆசிரியர் ஹென்னிங்கின் பெட்டிக்குள் போய்விட்டது.

முதல் நாற்காலி, வில்லாட்ஸ். "வயிறு சரியில்ல," என்று கேக்கைப் பார்த்து எச்சில் விழுங்கினான்.

அடுத்தவன் தலையாட்டினான். அடுத்தவளும்.

"என்னப்பா, எல்லாருக்கும் ஒரே நாள்ல வயித்துவலியா?" என்றார் ஹென்னிங். யாரும் சிரிக்கவில்லை.

ஏழு பேர் ஆயிற்று. டில்டேயின் காது சிவந்து கொதித்தது. எட்டாவது ராக்னா. இவளிடம் கேட்பதே வெட்கக்கேடு என்று டில்டே அவளைத் தாண்டப் போனாள்.

"ஏய், எங்கடி போற? எனக்குக் குடு!"

ராக்னா பெரிய துண்டாக எடுத்து ஒரே கடி. வாய் நிறையக் கேக்கோடு, "ஹென்னிங், யாருக்கும் வயித்துவலி இல்ல. டில்டே விழுந்த வீடியோவப் பாத்துச் சிரிச்சோம், அப்புறம் இந்தக் கேக்கை யாரும் தொடக்கூடாதுன்னு ஃபோன்ல பேசி வச்சிருந்தோம். நானும் சரின்னேன். கட்டைவிரல் போடலன்னா அடுத்து என்னைத்தான் கிண்டல் பண்ணுவாங்கன்னு பயம்," என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மன்னிச்சுக்கோடி டில்டே. அசிங்கம் பிடிச்ச வேலை."

"துரோகி," என்று முணுமுணுத்தாள் மெர்லெ.

"எனக்கு வயிறு சரியாயிடுச்சு!" என்று வில்லாட்ஸ் துள்ளி எழுந்தான். வகுப்பே கொல்லென்று சிரித்தது. பிறகென்ன, தட்டைச் சுற்றி ஒரே கூட்டம், ஒரே தள்ளுமுள்ளு.

கடைசியில் டில்டே மெர்லெயின் முன்னால் போய் நின்றாள். கடைசித் துண்டை நீட்டினாள்.

"எனக்கெதுக்கு?"

"எல்லாருக்கும் குடுக்கணும். அதான் முறை."

மெர்லெ வாங்கிக்கொண்டாள், தின்னவில்லை. "வீடியோவை அழிச்சுடறேன்," என்றாள்.

"அழிச்சா மட்டும் போதாதும்மா. யார் யார்கிட்ட போச்சோ அவங்ககிட்டயெல்லாம் நீதான் கேட்டு அழிக்கச் சொல்லணும்," என்றார் ஹென்னிங். "உங்க வீட்டுலயும் பேசறேன். திங்கக்கிழமை முதல் மணி, எல்லாரும் இங்கேயே உக்காந்து பேசுவோம். டில்டே, நீ இல்லாம அது நடக்காது. உன்னால வர முடியுமா?"

டில்டே காலித் தட்டைப் பார்த்தாள்.

"வரேன்," என்றாள்.