ஆறு மைல்

ஜெயபாலன் இந்தியாவைச் சைக்கிளிலேயே கடந்துவிட்டான் என்ற சேதி ஈப்போவுக்கு வந்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நாகப்பட்டினத்தில் ஏறினானாம், பெஷாவரில் இறங்கினானாம். இரண்டாயிரத்து முந்நூறு மைல், துணைக்கு ஒரு ஈ காக்கை கிடையாதாம். வாலிபர் சங்கத்துக்காரர்கள் கடை கடையாக ஏறி இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அந்தச் சங்கத்தின் தலைவர் மத்தியாஸ் வாத்தியாருக்கு வாலிபம் போய் முப்பது வருஷம் ஆகிறது. ரிக்‌ஷாவில் ஏறவே அவருக்கு ஓர் ஆள் கை கொடுக்க வேண்டும். அவர்தான் "வீர சாகசம், வீர சாகசம்" என்று மூச்சுக்கு மூச்சு சொன்னார்.

என் பெயர் ஸ்டானிஸ்லாஸ். ஈப்போ கடைத்தெருவில் பதினான்கு வருஷமாகச் சைக்கிள் பழுது பார்க்கிறேன். ஜெயபாலன் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கிராணி, அதாவது ஆபீசில் உட்கார்ந்து பெயர் எழுதுகிற உத்தியோகம். ஒரு நாள் அவன் தன் சைக்கிளைக் கோப்பெங்கிலிருந்து பன்னிரண்டு மைலும் உருட்டிக்கொண்டே என் கடைக்கு வந்தான். பெரிய பழுது என்றான். பார்த்தால் சங்கிலி கழன்றிருந்தது. எடுத்து மாட்டிவிட்டேன், அவ்வளவுதான். அப்படிப்பட்டவன் பெஷாவருக்குப் போனான் என்றால் நான் சிரிக்காமல் என்ன செய்வேன்?

போகும்போது அவனுக்கு வண்டியைத் தயார் செய்து கொடுத்ததும் நான்தான். 1926 கார்த்திகை மாதம். அவன் புது காக்கிச் சட்டையும் புது தொப்பியுமாக என் கடை வாசலில் நின்று போட்டோ பிடித்துக்கொண்டிருந்தான். அப்போது தோட்டத்து லோரியிலிருந்து செல்லாயி இறங்கி வந்தாள். அவனுடைய தோட்டத்திலேயே பால்மரம் வெட்டுகிறவள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவள். போட்டோ முடியும்வரை ஓரமாக நின்றாள். முடிந்ததும் கிட்டே வந்தாள்.

"கிராணி ஐயா, நீங்க போற ரோடு முசிறி வழியாத்தான போகுது?"

"ஆமா. திருச்சி, முசிறி, நாமக்கல், சேலம்."

"முசிறியில இருந்து வடக்க ஆறு மைலுதாங்க எங்க ஊரு. வேலம்பட்டின்னு கேட்டா சொல்லுவாங்க. எம்மக வீரம்மா அங்கதான் இருக்கா."

அவள் கதை எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் புருஷனும் அவளுமாகக் கப்பல் ஏறக் கிளம்பினார்கள். கிளம்புகிற வாரம் பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டது. அம்மை வார்த்த பிள்ளையைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். நாத்தனாரிடம் விட்டுவிட்டு, ஒரே வருஷத்தில் திரும்பி வந்து கூட்டிப் போகலாம் என்று இவர்கள் வந்துவிட்டார்கள். வந்த ஆறாம் மாசம் புருஷன் காய்ச்சலில் போனான். மூன்று கடிதம் போட்டாள். மூன்றையும் எழுதிக் கொடுத்தது இதே ஜெயபாலன்தான். ஒன்றுக்கும் பதில் இல்லை.

மடியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தாள். பழஞ்சீலையின் சிவப்புக் கரையைக் கிழித்து முறுக்கிய கயிறு. நுனி பிரியாமலிருக்க இரண்டு முனையையும் ரப்பர் பாலில் தோய்த்துக் காய வைத்திருந்தாள். இடையில் ஒரு முடிச்சு இருந்தது.

"கெளம்புற அன்னிக்குக் காலையில அவளைப் படுக்க வச்சு அளந்தேன் ஐயா. இந்த முடிச்சு அவ நாலு வயசு உசரம். இப்ப எம்புட்டு இருக்காளோ அங்கன இன்னொரு முடிச்சுப் போட்டுக் கொண்டாங்க. கடுதாசின்னா ஆராச்சும் படிச்சுத்தான் நான் கேக்கணும். முடிச்சுன்னா நானே தொட்டுப் பாத்துக்குவேன்."

"கட்டாயம் செய்யிறேன், செல்லாயி. இது என் கடமை" என்றான் அவன். கடமை என்ற சொல்லை அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். கயிற்றைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானும் போட்டான். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அவளுக்கு அந்த முடிச்சு வேண்டியதற்குக் காரணம் இருந்தது. அவர்கள் தோட்டத்துக் கங்காணி சன்னாசி ஆள் கட்ட, அதாவது தோட்ட வேலைக்குப் புது ஆள் கூட்டி வர, வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போவார். வலது முட்டி மடங்காத மனிதர், காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார், ஊர் ஊராகத் தேடி அலைய அவரால் ஆகாது. அவர் செல்லாயியிடம் ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தார். பெண் உயிரோடு இருக்கிறாள் என்று சேதி வந்தால் அடுத்த பயணத்தில் அவரே கூட்டி வந்துவிடுவார். சேதி இல்லாமல் பேரை அவருடைய ஆள் பட்டியலில் ஏற்ற முடியாது.

ஆறு மாதம் கழித்து ஜெயபாலன் திரும்பி வந்தான். பெஷாவரிலிருந்து ரயிலில் சென்னை, அங்கிருந்து கப்பலில் பினாங்கு. வரவேற்புக்கு முதல் நாள் மத்தியாஸ் வாத்தியார் சைக்கிளை என் கடைக்கு அனுப்பி வைத்தார். மேடையில் நிறுத்தி அதற்கும் மாலை போடப் போகிறார்களாம். துடைத்துப் பளபளவென்று கொடு என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

நான் துடைக்க எடுக்கவில்லை, குட்டை உடைக்கத்தான் எடுத்தேன். பாதி தூரம் ரயிலில் ஏற்றிப் போயிருப்பான் என்பது என் முடிவு. பொய் சொல்ல மனுஷனுக்குத் தெரியும், சைக்கிளுக்குத் தெரியாது. சங்கிலியைப் பிடித்து இழுத்தேன், அரை அங்குலம் நீண்டிருந்தது. பல்சக்கரத்தின் பற்கள் கூராகத் தேய்ந்திருந்தன. பெடலைக் கழற்றினால் உள்ளே குண்டுகள் பாதியாகிக் கிடந்தன. பின் டயர் இரண்டாவது தடவை மாற்றியது, அதுவும் துணி தெரியத் தேய்ந்திருந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து சீட்டின் தோல் அவன் உடம்பு அளவுக்குக் குழிந்து போயிருந்தது. பயல் ஓட்டித்தான் இருக்கிறான். ஒரு மைலும் குறையாமல் ஓட்டியிருக்கிறான். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

நாளைக்கு அவனிடம் நேராகப் போய்க் கை கொடுத்துவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு பின் மட்கார்டைத் துடைக்கக் குனிந்தேன். மட்கார்டின் ஆணி போயிருந்தது. ஆணி இருந்த இடத்தில் ஒரு கயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தான். எண்ணெயும் புழுதியும் ஏறிக் கறுத்த கயிறு. துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். சிவப்பு தெரிந்தது. முனையில் ரப்பர் பால் காய்ந்து பழுப்பாக இருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். அவன் போட்ட கட்டைத் தவிர ஒரே ஒரு முடிச்சுத்தான் இருந்தது.

கட்டை அவிழ்க்காமல் அப்படியே விட்டேன். அவன் என்ன சொல்கிறான் என்று பார்த்துவிட்டுப் பேசலாம் என்று நினைத்தேன். போக முடியவில்லை, மன்னித்துக்கொள் என்று சொன்னால் கயிற்றைத் தனியாகக் கொடுத்துவிடலாம். யாருக்குத்தான் மறதி இல்லை?

மறுநாள் சங்கக் கட்டடத்தில் நிற்க இடமில்லை. மேடையில் சைக்கிள் கழுத்தில் ரோஜா மாலை. ஜெயபாலன் கழுத்தில் மூன்று மாலை. மத்தியாஸ் வாத்தியார் முக்கால் மணி நேரம் பேசினார், அதில் இந்தியா வருவதற்கே அரை மணி ஆயிற்று. பிறகு ஜெயபாலன் எழுந்தான். நர்மதை ஆற்றில் சைக்கிளைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தானாம். விந்தியக் காட்டில் புலி அவனைப் பார்த்ததாம், இவனும் பார்த்தானாம், புலிதான் முதலில் போய்விட்டதாம். ஜனங்கள் கை தட்டினார்கள். ஒவ்வொரு ஊரிலும் தபால்காரரிடம் முத்திரை வாங்கிய சாட்சிப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி வாசித்தான்.

"திருச்சியில் காலை ஆறரை மணிக்கு முத்திரை. நாமக்கல்லில் மாலை நாலு மணிக்கு முத்திரை. ஐம்பத்து மூன்று மைல்! வழியில் எங்கும் நிற்கவில்லை!"

மறுபடியும் கை தட்டினார்கள். முசிறி அந்த ஐம்பத்து மூன்று மைலுக்குள்தான் இருக்கிறது. பின் வரிசையில் உட்கார்ந்திருந்த செல்லாயிக்கு மணிக் கணக்கெல்லாம் தெரியாது. மற்றவர்களைப் பார்த்து அவளும் தட்டினாள்.

கூட்டம் கலையும்போது அவள் மேடை ஓரம் வந்தாள். சன்னாசிக் கங்காணியும் காலை இழுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். வெள்ளிக்கிழமை அவருக்குக் கப்பல், கையில் பட்டியல் வைத்திருந்தார். சேதி எப்படியும் வந்துவிடும் என்று நம்பி, வீரம்மா பெயரைக் கடைசியில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்.

"ஐயா, கயிறு?" என்றாள் செல்லாயி. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஜெயபாலன் ஒரு நொடி விழித்தான். மாலையைச் சரி செய்துகொண்டான். சுற்றி மத்தியாஸ் வாத்தியார், சங்கத்துக்காரர்கள், கோப்பெங்கிலிருந்து வந்த தோட்டத்து ஜனங்கள் எல்லாரும் நின்றார்கள். அத்தனை பேருக்கும் முன்னால் அவன் வாய் திறந்தான்.

"உன் மகளைப் பார்த்தேன், செல்லாயி. நல்லா இருக்கா. ஐப்பசி மாசம்தான் அவளுக்குக் கல்யாணம் முடிஞ்சிருக்கு. மாப்பிள்ளை நல்ல இடம். அந்தக் கயித்தை அம்மா ஞாபகமா வச்சுக்கிறேன்னு கேட்டு வாங்கிக்கிட்டா. அம்மா என்னை நினைச்சுக் கவலைப்பட வேண்டாம்னு சொல்லச் சொன்னா."

மத்தியாஸ் வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த ஜெயபாலனுக்கு எப்பேர்ப்பட்ட மூளை பாருங்கள்! செத்துவிட்டாள் என்றால் அழுவாள். தேடியும் கிடைக்கவில்லை என்றால் இன்னும் கேள்வி கேட்பாள். கல்யாணம் ஆகிவிட்டது என்றால் யாரும் தேடிப் போக மாட்டார்கள். அத்தோடு கதை முடிந்தது.

செல்லாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு கங்காணி பக்கம் திரும்பினாள்.

"கட்டிக் குடுத்துட்டாங்களாம். இனிமே அவ எங்க வரப் போறா? பேரை அடிச்சிருங்க, கங்காணியாரே."

சன்னாசி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"அடிக்காதீங்க, அண்ணே" என்றேன் நான். சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும், எல்லாரும் திரும்பினார்கள். மேடையில் ஏறினேன். சைக்கிளின் மாலையை ஒதுக்கிவிட்டுக் குனிந்து கட்டை அவிழ்த்தேன். மட்கார்டு டமார் என்று கழன்று மேடைப் பலகையில் விழுந்தது. கயிற்றைக் கொண்டுவந்து செல்லாயியின் கையில் வைத்தேன்.

அவள் அதைப் பார்க்கவில்லை. தடவித்தான் பார்த்தாள். ஒரு முனை, மறு முனை, நடுவில் முடிச்சு. மறுபடியும் முதலிலிருந்து தடவினாள்.

"ஜான்சி ஊருகிட்ட வரும்போது ஆணி விழுந்துருச்சு" என்றான் ஜெயபாலன். "கையில வேற ஒண்ணும் இல்ல. அதான் கட்டினேன்."

"வேலம்பட்டிக்கு?" என்று கேட்டேன்.

"மண் ரோடு அண்ணே. ஆறு மைலு. வண்டி மணல்ல பொதையும்னாங்க. அன்னிக்கே நாமக்கல் போய்ச் சேரணும்னு இருந்தேன்."

"ரெண்டாயிரத்து முந்நூறு மைல் ஓட்டினியே தம்பி, வண்டியைப் பார்த்தேன், நெசந்தான். சங்கிலி கழண்டதுக்குப் பன்னிரண்டு மைல் உருட்டிக்கிட்டு வந்தியே. இந்த ஆறு மைலை உருட்டிக்கிட்டுப் போக முடியலையா?"

யாரோ சிரித்தார்கள். மத்தியாஸ் வாத்தியார் தொண்டையைக் கனைத்து, கடவுள் வாழ்த்துப் பாடிக் கூட்டத்தை முடிக்கலாம் என்றார். யாரும் நகரவில்லை. செல்லாயி இனி அவனை என்ன செய்வாள் என்று பார்க்கத்தான் எல்லாரும் நின்றார்கள். நானும்தான். நாலு சாபம் விடுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். உள்ளதைச் சொன்னால், கேட்க ஆசையாகவே இருந்தேன்.

அவள் ஜெயபாலனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப நீங்க அவளைப் பாக்கவே இல்லீங்களா ஐயா?"

அவன் தலை குனிந்தான்.

"அப்ப அவளுக்குக் கல்யாணம் ஆகல?"

"தெரியாது."

செல்லாயியின் முகத்தில் சிரிப்பு வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, அவள் சிரித்தாள்.

"நல்லவேளை ஐயா, நீங்க போகல" என்றாள்.

கை எடுத்துக் கும்பிட வேறு செய்தாள். சாபம் விட்டிருந்தால் அவன் நின்றிருப்பான். அந்தக் கும்பிடுக்கு முன்னால் நிற்க முடியாமல் மூன்று மாலையோடும் பின்வாசல் வழியாக இறங்கிப் போய்விட்டான். சைக்கிளை எடுத்துப் போகக்கூட நினைப்பில்லை.

செல்லாயி அவன் போனதைக் கவனிக்கவில்லை. கயிற்றைச் சுருட்டிச் சன்னாசியிடம் நீட்டினாள்.

"சேதி ஒண்ணும் வரலதான், கங்காணியாரே. இருந்தாலும் ஒரு எட்டுப் போய்ப் பாருங்க. மண் ரோடாம். ஆறு மைலாம்."

கங்காணி பென்சிலைத் திரும்பக் காதில் செருகினார். கயிற்றை வாங்கி இடுப்பில் முடிந்துகொண்டார். மடங்காத காலை ஒரு கையால் தூக்கி நேராக வைத்துக்கொண்டார்.

"ஆறு மைலுதான ஆத்தா" என்றார். "நடந்தே போயிட்டு வாரேன்."