இரண்டு மூட்டை மரியாதை

வேன் நகரத்தைத் தாண்டியதும் மேலாளர் கண்ணாடியை இறக்கி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"ஆஹா! இதுல்ல காத்து!"

வேன் அப்போது ஒரு செங்கல் சூளையைக் கடந்துகொண்டிருந்தது. டிரைவர் தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

பின் சீட்டில், ஐஸ் பெட்டியைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. இத்தனை நாளில் அவள் பேசியதை எல்லாம் ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம் என்பார்கள். 'சைலன்ட்' என்றே அழைத்தார்கள். பெட்டியில் கிருமி நீக்கிய பாட்டில்கள் நான்கு இருக்க வேண்டும். இரண்டுதான் இருந்தன. மீதி இடத்தை மேலாளரின் குளிர்பானங்கள் பிடித்துக்கொண்டிருந்தன.

"சார், கிணத்துத் தண்ணி டெஸ்ட்டுக்கு எதுக்கு சார் ஒரு பெட்டி மினரல் வாட்டர்?" என்றார் டிரைவர்.

"டெஸ்ட் பண்ணத்தான் போறோம்பா, குடிக்கவா போறோம்?"

முந்தின நாள் அவள் அந்த ஊரின் ஃபைலைப் படித்திருந்தாள். ஊருக்கு ஒரே கிணறு. அது கெட்டது என்று நிரூபணமானால் பக்கத்து ஊரிலிருந்து குழாய் வரும். இரண்டு வருடமாக ஆண்டுக்கு ஒரு தடவை பரிசோதித்து, இரண்டு தடவையும் 'கிருமி இல்லை, குடிக்க ஏற்றது' என்று கூடம் எழுதிக் கொடுத்திருக்கிறது. மூன்றாவது தடவையும் அதே முடிவு என்றால், குழாய் கேட்டு ஊர் கொடுத்த மனுவை மூடிவிடுவார்கள். அதே ஃபைலில் பள்ளிக்கூட டீச்சரின் கடிதம் ஒன்றும் இருந்தது. முப்பத்தொரு பிள்ளைகளில் பதினோரு பேர் வயிற்றுப்போக்கால் வரவில்லை என்று தேதியோடு எழுதியிருந்தார். தண்ணீர் சுத்தம், பிள்ளைகளுக்கு நோய். இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பார்ப்பது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

ஊர்த் தலைவர் பாதி ஊரைத் திரட்டிக்கொண்டு ஊர் எல்லையிலேயே நின்றார்.

"வாங்க, வாங்க! முந்தாநாள் நீங்க போன் பண்ணதுலேருந்து ஊரே தூங்கல!"

"அதெல்லாம் எதுக்குங்க," என்றார் மேலாளர், எல்லாம் செய்திருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தபடி.

செய்திருந்தார்கள். கிணற்றுச் சுவருக்குப் புதுசாக நீல பெயின்ட் அடித்திருந்தது. மேலாளர் கயிற்றைப் பிடித்து ஒரு போட்டோ, வாளியோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு தன் மினரல் வாட்டரை ஒரு டம்ளரில் ஊற்றி, கிணற்றோரம் நின்று கண்ணை மூடிக் குடிப்பதுபோல் ஒன்று. அதற்குத் தலைப்பையும் அங்கேயே முடிவு செய்துவிட்டார்: 'மண்ணின் சுவை'.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு டீச்சர் வந்தார். மெலிந்த அம்மா, கையில் வருகைப் பதிவேடு.

"இந்தத் தடவையாவது ஒழுங்கா பாருங்கம்மா. நீங்க வந்துட்டுப் போன நாலாம் நாளே பசங்க வயித்தைப் பிடிச்சுக்கறாங்க. இதையும் நல்ல தண்ணின்னு எழுதிட்டீங்கன்னா குழாய் அவ்ளோதான்."

அவள் தலையாட்டினாள். வாளியில் தண்ணீர் மேலே வந்தது. நீச்சல் குளத்து வாசனை அடித்தது.

சின்னக் குழாயில் தண்ணீர் பிடித்து, மாத்திரையைப் போட்டுக் குலுக்கினாள். குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாகும். இது பீட்ரூட் சாறு மாதிரி ஆயிற்று.

"கலர் அழகா இருக்கே! அப்படியே பிடி, ஒரு போட்டோ," என்றார் மேலாளர்.

"இந்த வாசனையை நான் பெயின்ட்டுன்னுல்ல நினைச்சேன்!" என்றார் டீச்சர்.

அவள் தலைவரைப் பார்த்தாள். சிவந்த குழாயை அவர் முன்னால் நீட்டினாள்.

"எவ்வளவு போட்டீங்க?"

"என்னதும்மா?"

"பிளீச்சிங் பவுடர்."

தலைவரின் முகம் மலர்ந்தது. இத்தனை பேர் வந்ததில் இவள் ஒருத்திதான் கேட்டிருக்கிறாள்.

"ரெண்டு மூட்டை! போன வருஷம் ஒண்ணுதான். அதுக்கு முந்தி அரை. வர்றவங்க முன்னாடி தண்ணி நாறினா ஊர் மானம் என்னம்மா ஆகும்?"

"குழாய் கேட்ட மனுவுல முதல் கையெழுத்து உங்களோடதுதானே?"

"ஆமா. குழாய் வேணும்தான். அதுக்காக எங்க தண்ணியைக் கெட்ட தண்ணின்னு ஒருத்தர் எழுதிட விட்டுடுவோமா?"

விடமாட்டோம் என்று ஊரே தலையாட்டியது. டீச்சர் பதிவேட்டால் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

மேலாளர் அவளைத் தனியே இழுத்துப் போனார்.

"இதையெல்லாம் பெரிசு பண்ணாதே. பாட்டிலை நிரப்பு, சாப்பிட்டுக் கிளம்புவோம். ரெண்டு வருஷமா நாம கொடுத்த ரிப்போர்ட் தப்புன்னு நாமளே எழுதிக் கொடுக்கறதா? கூடத்தோட மானம் என்ன ஆகும்?"

நகரத்து மானமும் கிராமத்து மானமும் ஒரே சாயலில்தான் இருந்தன.

பேச்சு அவளுக்கு வராது. ஆனால் எழுத்து வரும். மாதிரிப் படிவத்தை எடுத்தாள். எண் அச்சிட்டது, கார்பன் வைத்து மூன்று பிரதி. அதில் 'குறிப்பு' என்ற கட்டத்தில் இதுவரை எல்லோரும் ஒரு கோடு மட்டும் போட்டுவந்தார்கள். அவள் கட்டம் நிறைய எழுதினாள். நேராகத் தலைவரிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

"சாட்சிக் கையெழுத்து."

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி படித்தார்.

"'நேற்று மாலை, ஊர்த் தலைவரின் நேரடி மேற்பார்வையில், இரண்டு மூட்டை பிளீச்சிங் பவுடர்...' அடடா! நேரடி மேற்பார்வைன்னே போட்டிருக்கு பாருங்கய்யா!"

அந்த இரண்டு வார்த்தைகளை அவள் யோசித்துத்தான் சேர்த்திருந்தாள். அதற்கு மேல் தலைவர் படிக்கவில்லை. தன் பெருமை முடிந்த இடத்தில் அவருக்குப் படிவமும் முடிந்துவிட்டது. கையெழுத்துப் போட்டு, ஊர் முத்திரையையும் அழுத்திக் குத்தினார்.

மீதியை டீச்சர் வாங்கிப் படித்தார். 'பவுடர் கிருமியைக் கொல்வது இரண்டு மூன்று நாளைக்குத்தான். இதனால் இந்த மாதிரி செல்லாது. முந்தைய இரண்டு முடிவுகளும் செல்லாது. முன்னறிவிப்பு இல்லாமல் வந்து மறுபடி எடுக்க வேண்டும்.' படித்து முடித்ததும், குழாய்த் துறைக்குப் போக வேண்டிய பிரதியைக் கிழித்துப் பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"இதை நானே தபால்ல போட்டுடறேன் சார். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

மேலாளருக்குச் சிரிக்கவும் முடியவில்லை, பிடுங்கவும் முடியவில்லை. சுற்றிலும் பாதி ஊர் நின்றது.

தலைவர் வேன் வரைக்கும் வழியனுப்ப வந்தார். அவளிடம் குனிந்து பிரியமாகக் கேட்டார்.

"மறுபடி எப்பம்மா வர்றீங்க? ஒரு போன் போட்டுட்டீங்கன்னா ஏற்பாடு பண்ண வசதியா இருக்கும்."

"சொல்ல மாட்டேங்கய்யா," என்றாள் அவள்.