ஓரகத்தியின் தையல்

திரைச்சீலை தைக்கும் அந்தக் கடையில், ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மெஷின். மூத்தவள் கை வேகம். இளையவள் கை சுத்தம். முதலாளிக்கோ ஒருத்தியைத் தூக்கினால் இன்னொருத்தியைக் கீழே போட்டே தீரவேண்டும்.

போன வாரம் இளையவள் மாட்டினாள். "அக்காவைப் பாரும்மா. நீ ஒண்ணு முடிக்கறதுக்குள்ள அவங்க மூணு முடிச்சிடறாங்க" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே சொல்லிவிட்டார். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூத்தவளோடு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவுமில்லை.

இன்று காற்று திசை மாறி அடித்தது. தைத்து முடித்த திரைச்சீலையைத் தூக்கிப் பிடித்த முதலாளி, மூத்தவளிடம், "உங்க மடிப்பு பாம்பு மாதிரி போகுது. உங்க ஓரகத்தி தைச்சதைப் பாருங்க, கோடு கிழிச்ச மாதிரி இருக்கு" என்றார்.

இளையவளுக்கு உள்ளூர ஜில்லென்றது. கூடவே பயம். வீட்டில் இனி என்ன கூத்து நடக்குமோ? தலையைக் குனிந்து ஊசியில் நூல் கோப்பதுபோல் பாவனை செய்தாள்.

மூத்தவள் எழுந்து வந்து இளையவள் தைத்த துணியைப் புரட்டிப் பார்த்தாள். "ஆமாண்டி, நல்லாத்தான் இருக்கு. எப்படி வளையாம வருது? காட்டு."

குத்திக் காட்டுகிறாளா? முகத்தில் அப்படி எதுவும் தென்படவில்லை. முதலில் தேய்த்து மடிக்கவேண்டும், துணியை இழுக்காமல் அதன் போக்கில் விடவேண்டும் என்று இளையவள் காட்டினாள். மூத்தவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, தப்பும் தவறுமாக ஓட்டிப் பார்த்து, தன் தையலைப் பார்த்துத் தானே சிரித்தாள்.

"உங்களுக்குக் கோவமே வரலியாக்கா?"

"எதுக்கு? மடிப்பு கோணலாத்தானே இருந்துச்சு."

"என்னோட வச்சுப் பேசினாரே."

"பின்ன யாரோட வச்சுப் பேசுவாரு? இங்க தைக்கறதே நாம ரெண்டு பேர்தான்."

இளையவள் அடுத்த துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். அப்படியானால் தனக்கு மட்டும் ஏன் போன வாரம் அப்படி எரிந்தது? அக்கா பெரிய மனசுக்காரியா, இல்லை சொரணையே இல்லாதவளா? இன்று ஜெயித்தது தான்தானே, பிறகு ஏன் தோற்றதுபோல் இருக்கிறது?

கடை சாத்துமுன் அவளே கேட்டாள். "அந்த வேகம் எப்படிக்கா வருது?"

மூத்தவள் உற்சாகமாகக் காட்டினாள். துண்டுக்குத் துண்டு நூலை அறுக்காமல், ஒன்றன்பின் ஒன்றாக விட்டுத் தைத்தாள். இளையவள் "ம்" கொட்டினாள். ஆனால் கண் அந்தக் கையில் நிற்கவில்லை; முகத்திலேயே எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"புரிஞ்சுதா?"

"இல்லக்கா" என்று உள்ளதைச் சொன்னாள். "இன்னொரு தடவை காட்டுங்க."